வான்கோழியில் தொடங்கிய கணக்கு

1981-ம் வருடம், நவம்பர் 27. வெள்ளிக்கிழமை. அமெரிக்காவில் முந்தின நாள்தான் 'தேங்க்ஸ்கிவிங்' பண்டிகை. தீபாவளிக்கு மறுநாள் நம் வீடுகளில் முறுக்கும் அதிரசமும் மிஞ்சிக் கிடக்கிற மாதிரி, அங்கே வீட்டுக்கு வீடு வான்கோழிக் கறி மிஞ்சிக் கிடக்கும். நியூயார்க் மாநிலத்தில் யார்க்டவுன் ஹைட்ஸ் என்ற இடத்தில் ஐ.பி.எம். கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடம். அங்கே வேலை பார்த்த ஒரு விஞ்ஞானி, வீட்டில் மிஞ்சிய வான்கோழித் துண்டைப் பொட்டலம் கட்டிக்கொண்டு லேபுக்கு வந்தார். மதியச் சாப்பாட்டுக்கு அல்ல... லேசரால் சுட்டுப் பார்ப்பதற்கு!

அவர் பெயர் ரங்கசாமி சீனிவாசன். நம்மூர்க்காரர்தான். மதராஸ் பல்கலைக்கழகத்தில் 1949-ல் பி.எஸ்ஸி., அடுத்த வருடமே எம்.எஸ்ஸி. அப்புறம் கப்பலேறி, அமெரிக்காவில் டாக்டர் பட்டம். 1961 முதல் ஐ.பி.எம்-மில் உத்தியோகம். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரருக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? ஒன்றுமே இல்லை. பிளாஸ்டிக் போன்ற பொருள்களில் மிக நுணுக்கமாகச் செதுக்க 'எக்ஸைமர்' என்ற புற ஊதா லேசர் உதவுமா என்பதுதான் அவர் வேலை. பொருள் சூடேறாமல், உருகாமல், மேலே இருக்கிற படலம் மட்டும் காற்றாகப் பறந்துபோவதை அவர் ஏற்கெனவே கவனித்திருந்தார். 'பிளாஸ்டிக்கில் நடப்பது சதையில் நடக்குமா?' என்ற கேள்விக்குப் பதில் தேடத்தான் வான்கோழி.

சகாக்கள் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் இருவரோடும் சேர்ந்து சோதனை நடந்தது. ஒரு பக்கம் சாதாரணப் பச்சை லேசர், இன்னொரு பக்கம் எக்ஸைமர். பச்சை லேசர் பட்ட இடம் கருகித் தீய்ந்து போனது. எக்ஸைமர் பட்ட இடமோ, சாணை பிடித்த கத்தியால் கேக் வெட்டிய மாதிரி சுத்தம். சுற்றியிருந்த சதைக்குச் சேதமே இல்லை!

பஸ் ஸ்டாண்டு சுவர்களில் 'கண்ணாடிக்கு குட்பை சொல்லுங்கள்' என்று பெண்கள் சிரிக்கிற விளம்பரம் பார்த்திருப்பீர்கள். அந்தச் சிரிப்புக்கெல்லாம் மூலம் இந்த வான்கோழிதான்.

*

சரி, நியூயார்க்கை விட்டுவிட்டு ராயகிரிக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், சிவகிரிக்கும் வாசுதேவநல்லூருக்கும் பக்கத்து ஊர். முன்பு திருநெல்வேலி மாவட்டம். 2019 நவம்பரில் இருந்து தென்காசி மாவட்டம். அங்கே ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மகளுக்கு இருபத்து மூன்று வயது. படிப்பு உண்டு, வேலை உண்டு, முகத்தில் ஒரு கண்ணாடியும் உண்டு. பவர் மைனஸ் 6. ஏழாம் கிளாஸில் 'சோடாபுட்டி' என்று பட்டப்பெயர் வைத்தபோதுகூட அவள் அழவில்லை. இப்போது தரகர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து, "எல்லாம் சரி தாயி, பிள்ளை வீட்டுல கண்ணாடிதான் யோசிக்காவ" என்கிறார்.

அம்மா உடனே முடிவு கட்டிவிடுகிறாள். "ஏட்டி, மதுரையில பத்தே நிமிஷத்துல செஞ்சி விட்டுருதாவளாம். போயிட்டு வந்துருவோமா?"

இந்தப் பெண் என்ன பதில் சொல்லவேண்டும்? நீங்களே அவளாக இருந்தால்? அவளுக்கு அப்பாவாக இருந்தால்? போலீஸ் வேலைக்கோ ராணுவத்துக்கோ கிரவுண்டில் ஓடிக்கொண்டிருக்கும் தம்பிக்கும் இதே கேள்விதான். கண்ணாடி மட்டும்தானே குறுக்கே நிற்கிறது?

நம்ம பக்கம் 'கண் ஆபரேஷன்' என்றால் புரை ஆபரேஷன்தான். எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்த டாக்டர் கோவிந்தப்ப வேங்கடசாமி, சர்க்கார் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற கையோடு 1976-ல் மதுரையில் 11 படுக்கையுடன் அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன அந்த மனிதர், அதே விரல்களால் ஆயிரக்கணக்கான கண்களைத் திறந்து வைத்தார். 1988-ல் திருநெல்வேலியிலும் கிளை வந்தது. கிராமம் கிராமமாக கண் சிகிச்சை முகாம் போட்டு, பாட்டி தாத்தாக்களைப் பஸ்ஸில் ஏற்றிப் போய், பார்வையோடு திருப்பி அனுப்பினார்கள். அந்த நம்பிக்கைதான் நம் ஜனங்களுக்குக் கண் டாக்டர் மேல் இருக்கிற நம்பிக்கை. நியாயமான நம்பிக்கை.

ஆனால், இங்கே ஒரு வித்தியாசம் இருக்கிறது. புரை விழுந்த கண், வரவு இல்லாத கண். பார்வை மங்கிப்போனவருக்கு ஆபரேஷனில் கிடைப்பது பெரிது, இழப்பதற்கு இருப்பது கொஞ்சம். நம்ம ராயகிரிப் பெண்ணின் கண் அப்படியா? கண்ணாடி போட்டால் பளிச்சென்று தெரிகிறது. நோய் எதுவும் இல்லை. நல்ல கண். நல்ல கண்ணில் கத்தி வைப்பது வேறு கணக்கு. நான் பி.காம். படித்தவன். முதல் போட்டவன் என்ன போட்டான், கையிருப்பு எவ்வளவு மிச்சம் என்று பார்த்துத்தான் எனக்குப் பழக்கம். அந்தக் கணக்கைப் போட, இந்த ஆபரேஷனின் பூர்வகதை தெரியவேண்டும். கொஞ்சம் திகில் கதையும்கூட!

*

கண்ணின் முன்பக்கம், வாட்ச் கண்ணாடி மாதிரி வளைந்த ஒரு படலம் இருக்கிறது. கருவிழிப் படலம். டாக்டர்கள் கார்னியா என்பார்கள். நடுவில் அதன் கனம் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். ஆனால், கண்ணுக்குள் வரும் ஒளியை வளைத்துக் குவிப்பதில் மூன்றில் இரண்டு பங்கு வேலையை இதுதான் செய்கிறது. கிட்டப்பார்வை என்பது, ஒளி விழித்திரையில் குவியாமல் அதற்கு முன்னாலேயே குவிந்துவிடுவது. இந்தப் படலத்தைக் கொஞ்சம் தட்டையாக்கினால் ஒளி சரியான இடத்துக்குப் போய்ச் சேரும். தத்துவம் இவ்வளவுதான். எப்படித் தட்டையாக்குவது என்பதில்தான் நூறு வருடப் போராட்டம்.

1898-லேயே லான்ஸ் என்ற டச்சுக்காரர் முயல்களின் கண்ணில் கீறிப் பார்த்தார். மனிதக் கண்ணில் துணிந்து இறங்கியவர் ஜப்பானின் சாட்டோ. 1930-களின் கடைசியில், கூம்பு மாதிரி கருவிழி துருத்திக்கொண்டு வரும் நோயாளிகளை அவர் பார்த்தார். சிலருக்குக் கருவிழியின் உள்பக்கம் தானாகவே கிழிந்து, ஆறும்போது துருத்தல் குறைந்து தட்டையாவதைக் கவனித்தார். 'அட, தானாகக் கிழிந்தால் தட்டையாகிறது. நாமே கிழித்தால்?' கருவிழியின் உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டிலும் சக்கரத்தின் ஆரங்கள் மாதிரி கீறல்கள் போட்டார். 1950-களில் நூற்றுக்கணக்கான ஜப்பானிய இளைஞர்கள் அவரிடம் கண்ணைக் கொடுத்தார்கள். கண்ணாடி கழன்றது. சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள்.

பத்து வருடம் போனது. சிலருக்கு இருபது வருடம். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். கருவிழி வீங்கி, வெளுத்து, கொப்புளம் கொப்புளமாக!

என்ன ஆயிற்று? கருவிழியின் உள்சுவரில் ஒற்றை அடுக்காகச் சில செல்கள் இருக்கின்றன. கருவிழிக்குள் ஊறும் நீரை ராப்பகலாக இறைத்து வெளியேற்றும் பம்பு செட்டுகள் அவை. நம் உடம்பில் தோல் கிழிந்தால் வளரும். இவை போனால் திரும்ப வளராது. இந்த விஷயத்தின் முழு அருமை சாட்டோ காலத்தில் யாருக்கும் தெரியாது. அவர் கீறியது நேராக அந்தப் பம்பு செட்டுகள் மேல். மிச்சம் இருந்தவை சில வருடங்கள் தாக்குப் பிடித்தன. பிறகு அவையும் ஓய்ந்தன. கருவிழிக்குள் தண்ணீர் கோத்துக்கொண்டது.

ஆபரேஷன் அன்றைக்கு வெற்றி. பில் வந்தது இருபது வருடம் கழித்து! இந்த ஒரு வரியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கதையிலும் இதுதான் வரும்.

*

இரண்டாவது ஆசாமி ரஷ்யாக்காரர், ஸ்வியாதஸ்லாவ் ஃபியோதரோவ். மூக்குக் கண்ணாடி போட்ட பையன் ஒருவன் அடிபட்டு, கண்ணாடிச் சில்லு கருவிழியில் குத்தியதாம். காயம் ஆறியபின் அவன் பார்வை முன்னைவிட நன்றாக இருந்ததாம். அதைப் பார்த்துத்தான் இந்த வழி பிறந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, 1970-களில் அவர் சாட்டோவின் தப்பைத் திருத்தினார். உள்பக்கத்தைத் தொடாமல், வெளிப்பக்கம் மட்டும் ஆழமாகக் கீறினார். மாஸ்கோவில் நோயாளிகளைச் சுழலும் மேடையில் படுக்க வைத்து, ஒவ்வொரு டாக்டரும் ஒரு கட்டத்தை முடித்து அடுத்தவருக்கு அனுப்பும் 'அசெம்பிளி லைன்' ஆபரேஷன் நடத்தினார். கார் தொழிற்சாலை தோற்றது! கப்பலில்கூட ஆஸ்பத்திரி வைத்து ஊர் ஊராகப் போனார்கள்.

1978-ல் இந்த முறை அமெரிக்காவுக்குப் போனது. அங்கே லட்சக்கணக்கானோர் செய்துகொண்டார்கள். ஆனால், அமெரிக்க அரசு செலவில் ஒன்பது ஆஸ்பத்திரிகள் சேர்ந்து பொறுமையாக ஒரு வேலை செய்தன. ஆபரேஷன் செய்துகொண்டவர்களைப் பத்து வருடம் விடாமல் பின்தொடர்ந்தன. 1994-ல் முடிவு வெளியானது. 43 சதவீதக் கண்களில் பார்வை ஓரிடத்தில் நிற்காமல், ஒரு டயாப்டரோ அதற்கு மேலோ தூரப்பார்வைப் பக்கம் நகர்ந்திருந்தது. அதாவது, கிட்டப்பார்வைக் கண்ணாடியைக் கழற்றியவர்களில் பலர் நாற்பது வயதில் வேறொரு கண்ணாடியைத் தேடிப் போகவேண்டியதானது. கீறல் போட்ட படலம் வருடக்கணக்கில் மெள்ள மெள்ள நெகிழ்ந்துகொண்டே இருந்ததுதான் காரணம்.

இந்தக் கீறல் என்ன செய்யும் என்று உலகத்துக்கே காட்டியவர் பெக் வெதர்ஸ். அமெரிக்க டாக்டர். கண்ணாடியைத் தொலைக்க இந்த ஆபரேஷனைச் செய்துகொண்டவர். 1996 மே 10-ம் தேதி எவரெஸ்ட் சிகரத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தார். எட்டாயிரம் மீட்டருக்கு மேலே காற்றில் ஆக்ஸிஜன் குறைவு. கருவிழிக்கு ரத்தக்குழாய் கிடையாது. அது சுவாசிப்பதே வெளிக்காற்றில் இருந்துதான். ஆக்ஸிஜன் குறைந்ததும் கீறல் போட்ட கருவிழி வீங்கி வடிவம் மாறியது. பார்வை அவுட்! 'இங்கேயே உட்காருங்கள், இறங்கும்போது கூட்டிப்போகிறேன்' என்று சொல்லிவிட்டு மேலே போன குழுத் தலைவர் ராப் ஹால் திரும்பி வரவே இல்லை. பனிப்புயலில் எட்டுப் பேர் செத்தார்கள். செத்தவர் என்றே கைவிடப்பட்ட வெதர்ஸ், எப்படியோ எழுந்து நடந்து கூடாரத்துக்கு வந்து சேர்ந்தார். வலது கை, இடது கை விரல்கள், மூக்கு எல்லாம் பனியில் போயின. உயிர் மிஞ்சியது.

நாம் யாரும் எவரெஸ்ட் ஏறப்போவதில்லை, சரி. ஆனாலும், ஆபரேஷன் டேபிளில் தெரியாத பலவீனம் வேறொரு நாள், வேறொரு உயரத்தில் தெரியும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

*

இந்த இடத்தில்தான் நம்ம சீனிவாசனின் லேசர் உள்ளே வருகிறது. அவர்கள் ஒரு தலைமுடியை எடுத்து, அதன்மேல் எக்ஸைமரால் 'ஐ.பி.எம்.' என்று எழுத்துச் செதுக்கிப் படம் பிடித்தார்கள். முடி கருகவில்லை! ஒரு முறை லேசர் துடித்தால் சுமார் கால் மைக்ரான் பறக்கும். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்தத் துல்லியம் எந்தக் கத்திக்கு வரும்?

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கண் டாக்டர் ஸ்டீபன் ட்ரோக்கல் விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்தார். 1983-ல் சீனிவாசனின் லேபில் கன்றுக்குட்டிக் கண்களை வைத்துச் சோதித்தார்கள். கீறுவதற்குப் பதிலாக, கருவிழியின் நடுவை இழைத்து வடிவத்தையே மாற்றலாம் என்பது புரிந்தது. 1988-ல் நியூ ஆர்லியன்ஸில் டாக்டர் மார்கரெட் மெக்டொனால்ட், பார்வையுள்ள மனிதக் கண்ணில் இதை முதன்முதலாகச் செய்தார். அந்தக் கண்ணைக் கொடுத்தவர் ஒரு 62 வயதுப் பெண்மணி. புற்றுநோயால் அவருடைய ஒரு கண்ணை எப்படியும் எடுத்தாக வேண்டிய நிலை. 'எடுப்பதற்கு முன் இதில் செய்து கற்றுக்கொள்ளுங்கள்' என்று தானாக முன்வந்தார். இன்றைக்கு லேசர் செய்துகொள்ளும் ஒவ்வொருவரும் கும்பிட வேண்டிய தாய்!

ஆனால், மேல்தோலைச் சுரண்டிவிட்டு இழைத்தால் சில நாட்கள் நல்ல வலி. பார்வை தெளியவும் நாளாகும். இதற்கு வழி, கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் ஏற்கெனவே இருந்தது. அங்கே பார்ராக்கர் என்ற ஸ்பெயின் டாக்டர், கருவிழியில் ஒரு சீவலை எடுத்து, உறையவைத்து, லேத் மெஷினில் கடைந்து, திரும்ப வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். கேட்கவே கூசுகிறதா? அந்தச் சீவலையும் சீனிவாசனின் லேசரையும் ஒன்றாக்கினால்? ஈரானில் பிறந்த டாக்டர் பேமன் 1989-ல் இதற்கு அமெரிக்கப் பேடன்ட் வாங்கினார். கிரீஸின் பல்லிகாரிஸ், சீவலை முழுசாக வெட்டாமல், புத்தக அட்டை மாதிரி ஓர் ஓரம் ஒட்டிக்கொண்டிருக்க விட்டு, அடியில் லேசர் அடித்து, திரும்ப மூடினார். 'லேசிக்' பிறந்தது. வலி கொஞ்சம், மறுநாளே பார்வை. உலகம் மயங்கியது இந்த 'மறுநாளே'யில்தான்.

கணக்குப் பிள்ளைக்கு சுவாரஸ்யமான இடம் இனிமேல்தான். 1990-களில் இரண்டு அமெரிக்கக் கம்பெனிகள் தங்கள் பேடன்ட்டுகளை ஒன்றாகப் போட்டு, ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் 250 டாலர் கப்பம் வாங்கின. 1998-ல் அமெரிக்க வர்த்தகக் கமிஷன், 'இது கூட்டுச் சேர்ந்து விலையை ஏற்றுவது' என்று வழக்குப் போட்டது. கூட்டு கலைந்தது. 2000-த்தில் ஒரு கம்பெனி கப்பத்தை 100 டாலராக இறக்கியது. மெஷின் கோடிக்கணக்கில் விலை. வாங்கிவிட்டால் வட்டி ஓடும். மெஷின் சும்மா இருந்தால் நஷ்டம். பஸ் ஸ்டாண்டு சுவரில் ஏன் விளம்பரம் வருகிறது என்று இப்போது புரிகிறதா? புரைக்கு யாரும் அப்படிக் கூவிக் கூப்பிடுவதில்லையே!

சீனிவாசன், வின், பிளம் மூவருக்கும் அமெரிக்காவின் தேசிய தொழில்நுட்பப் பதக்கம் அறிவிக்கப்பட்டு, 2013 பிப்ரவரியில் வெள்ளை மாளிகையில் ஒபாமா வழங்கினார். சீவலைக் கத்திக்குப் பதிலாக இன்னொரு லேசரால் எடுக்கும் முறைக்கு அடிப்படை போட்ட இருவருக்கு 2018-ல் இயற்பியல் நோபலில் பங்கு கிடைத்தது. விஞ்ஞானத்தில் குறையே இல்லை. கேள்வி, அது உங்கள் கண்ணுக்குப் பொருந்துமா என்பதுதான்.

*

இப்போது பேரேட்டைத் திறப்போம்.

ராயகிரிப் பெண்ணின் கருவிழி 540 மைக்ரான் என்று வையுங்கள். சராசரி கனம். சீவலுக்கு 110 போகும். ஒரு டயாப்டர் பவருக்கு சுமார் 14 மைக்ரான் இழைக்கவேண்டும். மெஷினுக்கு மெஷின் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். மைனஸ் 6 என்றால் 84. ஆக, செலவு 194. மிச்சம் 346. கீழே குறைந்தது 250 இருக்கவேண்டும் என்பது பழைய விதி. 300 இருந்தால் நல்லது என்பார்கள் பல டாக்டர்கள். இவள் பாஸ்!

அவளுடைய தோழிக்குக் கருவிழி 485. பவர் மைனஸ் 9. சீவல் 110, இழைப்பு 126. மிச்சம் 249. ஃபெயில்! இருவரும் ஒரே விளம்பரத்தைப் பார்த்தவர்கள்தான். 'அவளுக்குச் செஞ்சாங்களே, எனக்கு ஏன் மாட்டேங்கறாங்க?' என்று கேட்டால் பதில் இதுதான். போன மைக்ரான் திரும்ப வராது. இது வட்டியில் எடுக்கிற செலவல்ல, முதலில் எடுக்கிற செலவு.

கனம் மட்டும் பார்த்தால் போதாது; வடிவம் பார்க்கவேண்டும். சாட்டோ பார்த்த அந்தக் கூம்பு நோய், ஆரம்பத்தில் வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கும். அந்தக் கண்ணை இழைத்துவிட்டால், ஏற்கெனவே பலவீனமான சுவர் முன்னால் துருத்திக்கொண்டு வரும். தெற்காசியர்களுக்கு இந்த நோய் அதிகம். பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வில் அங்கிருந்த வெள்ளையர்களைவிட ஆசியர்களிடம் நாலு மடங்குக்கு மேல் இருந்தது. கண்ணைக் கசக்கும் பழக்கமும், ரத்த உறவுக்குள் கல்யாணம் செய்த குடும்பமும் இதற்குத் துணை என்கின்றன ஆய்வுகள். மாமன் மகள், அத்தை மகன் என்று கட்டிக்கொண்ட நம் குடும்பங்களில் கருவிழி வரைபட ஸ்கேன் எடுக்காமல் யாராவது 'வாங்க, செஞ்சிரலாம்' என்றால், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

சரி, பாஸான கண்களுக்கு என்ன நடக்கிறது? அமெரிக்க அரசின் மருந்து மற்றும் கருவிகள் கண்காணிப்புத் துறை (எஃப்.டி.ஏ.) கடற்படைக்காரர்களும் பொதுமக்களுமாக 574 பேரைக் கேட்டு எழுதிய ஆய்வு 2017-ல் வெளிவந்தது. 95 சதவீதத்துக்கு மேல் திருப்தி. பிரமாதமான நம்பர்! ஆனால், அதே ஆய்வில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. முன்பு எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களில் 43 முதல் 46 சதவீதம் பேருக்கு மூன்றாம் மாதத்தில் புதுசாக ஏதாவது ஒன்று இருந்தது. விளக்கைச் சுற்றி வளையம், எதிர் வெளிச்சத்தில் கூச்சம், இரட்டை உருவம்... கண் வறட்சி இல்லாதவர்களில் 28 சதவீதத்துக்கு வறட்சி வந்தது. அதே சமயம், முன்பே தொந்தரவு இருந்த பலருக்கு அது குறையவும் செய்தது. தொந்தரவால் அன்றாட வேலையே ரொம்பக் கஷ்டம் என்றவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு. பெரும்பாலோர் 'கொஞ்சம் வளையம் தெரியுது, பரவாயில்லை, கண்ணாடி போச்சே' என்கிற ரகம்.

அந்த ஒரு சதவீதத்துக்காகக் குரல் கொடுத்தவரும் உண்டு. 1990-களில் இதே எஃப்.டி.ஏ-வில் லேசிக் மெஷின்களுக்கு அனுமதி தந்த பிரிவில் பொறுப்பு வகித்த மோரிஸ் வாக்ஸ்லர், 2011-ல் 'அனுமதியை ரத்து செய்யுங்கள்' என்று தன் பழைய துறைக்கே மனுப் போட்டார். 2014-ல் மனு நிராகரிக்கப்பட்டது. ஆனால், 2022-ல் அதே துறை, 'வறட்சி, நீடித்த வலி, இரவில் வண்டி ஓட்டச் சிரமம், பிறகும் கண்ணாடி தேவைப்படலாம் என்பதையெல்லாம் நோயாளியிடம் தெளிவாகச் சொல்லுங்கள்' என்று ஒரு வரைவு அறிக்கை வெளியிட்டது. யாரும் முழுசாக ஜெயிக்கவில்லை. அது சரிதான். சாட்டோ காலத்தில் இப்படிக் கேள்வி கேட்க யாரும் இல்லாமல் போனதுதான் பிரச்னை.

*

அப்படியானால் செய்துகொள்ளலாமா, கூடாதா? செய்துகொண்டு சந்தோஷமாக இருப்பவர்கள் கோடிக்கணக்கில் உண்டு. பயமுறுத்துவது என் வேலை அல்ல. முடிவெடுக்கும் முன் வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்ள சில விஷயங்கள் மட்டும் சொல்கிறேன்.

பவர் ஒரு வருடமாவது மாறாமல் நிற்கவேண்டும். வருடா வருடம் ஏறிக்கொண்டிருக்கிற கண்ணுக்கு ஆபரேஷன் செய்வது, வளர்கிற பையனுக்கு அளவெடுத்துப் பட்டுச் சட்டை தைக்கிற மாதிரி. கர்ப்பமாக இருக்கும்போதும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் பவர் ஆடும், அப்போது வேண்டாம். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் டெஸ்ட்டுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே நிறுத்தவேண்டும்; இல்லாவிட்டால் ஸ்கேன் பொய் சொல்லும்.

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக நம்ம பக்கம் அடிக்கிற காற்று உங்களுக்குத் தெரியும். ஏற்கெனவே கண் உறுத்துகிறவர்கள், வறட்சிக்கு டெஸ்ட் செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஆபரேஷன் முடிந்த முதல் சில வாரம் குற்றால அருவியில் தலையைக் கொடுக்கிற ஆசையையும் தள்ளிவையுங்கள்.

கண்ணாடி போனால் கிட்டப்பார்வை போய்விட்டது என்று நினைக்காதீர்கள். லேசர் இழைப்பது முன்பக்கக் கண்ணாடியை மட்டும். நீண்டுபோன கண் நீண்டபடிதான் இருக்கும். பவர் அதிகம் உள்ளவர்கள் விழித்திரையை அவ்வப்போது காட்டிக்கொண்டே இருக்கவேண்டும். நாற்பது தாண்டியதும் சாளேசரம் வரும். பேப்பர் படிக்கக் கண்ணாடி வேண்டும். அந்த வார்த்தையே நாற்பதைக் குறிக்கும் 'சாளீஸ்' என்பதில் இருந்து வந்தது என்பார்கள். அதை எந்த லேசரும் மறிக்காது.

இன்னொன்று, இதைப் பலர் சொல்வதில்லை. நாளைக்கு அறுபது வயதில் புரை விழுந்தால், உள்ளே வைக்கிற லென்ஸின் பவரைக் கணக்குப் போட டாக்டருக்கு உங்கள் பழைய கருவிழி அளவு உதவும். இழைத்த கண்ணில் அந்தக் கணக்கு தடுமாறும். ஆகவே, ஆபரேஷனுக்கு முந்தைய ஸ்கேன், பவர் சீட்டு எல்லாவற்றையும் வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் வையுங்கள். நாற்பது வருடம் கழித்துக் கேட்பார்கள்!

தம்பிகளுக்கு: சீருடை வேலை ஒவ்வொன்றுக்கும் விதி வேறு. லேசர் செய்தவர்களை நிபந்தனையோடு சேர்ப்பவர்களும் உண்டு, சேர்க்காத பிரிவும் உண்டு. அறிவிக்கையைப் படிக்காமல் ஆபரேஷன் செய்துகொண்டு, அதனாலேயே வேலையை இழக்காதீர்கள்.

கடைசியாக, பேரேட்டின் தலைப்பு. இந்தக் கணக்கு யார் பெயரில்? 'காலையில் எழுந்ததும் கடிகாரம் தெரியவேண்டும், மழையில் வண்டி ஓட்டவேண்டும், எனக்கே வேண்டும்' என்று அவள் சொன்னால், ஸ்கேனும் சரி என்றால், தாராளமாகப் போகட்டும். தன் கண், தன் காசு, தன் முடிவு. ஆனால், தரகர் கேட்கிறார், பிள்ளை வீட்டார் கேட்கிறார்கள், தை மாதத்துக்குள் முடியவேண்டும் என்பதற்காக என்றால், நிறுத்துங்கள். வளையம் தெரிந்தாலும் வறட்சி வந்தாலும் அனுபவிக்கப்போவது தரகர் அல்ல. கண்ணாடி போட்ட முகத்தைப் பிடிக்காதவர்கள், நாளைக்கு வேறு எதையாவது இழைக்கச் சொல்வார்கள்.

டெஸ்ட் செய்துவிட்டு 'உனக்கு வேண்டாம்மா' என்று ஒரு டாக்டர் சொன்னால், கோபித்துக்கொண்டு, செய்துவிடுகிற வேறு டாக்டரைத் தேடி ஓடாதீர்கள். கருவிழியைத் தொடாமல் உள்ளே லென்ஸ் வைப்பது போல வேறு வழி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் கும்பிட்டுவிட்டு வாருங்கள். மெஷின் வட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது வந்த வருமானத்தை வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறவர், உங்கள் கணக்கையும் சேர்த்துப் பார்த்தவர்.